இடி மாணிக்கம் மகள் வைத்த வைஃபை

திலகாவுக்குக் கவலைப்படுவது ஒரு வேலை. அதற்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. காலையில் எழுந்ததும் அடுப்பில் தண்ணீர் வைப்பதற்கு முன்னால் பின்னறை ஜன்னலைத் திறந்து லிங்கி பக்கத்து வானத்தைப் பார்ப்பாள். அங்கே கொஞ்சம் கறுத்திருந்தால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. "மழைன்னா பெய்யத்தான்லா செய்யும், அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?" என்று பக்கத்து வீட்டுத் தாயம்மா கேட்பாள். தாயம்மாவுக்கு என்ன, அவள் வீட்டு வைஃபை போனால் நாடகம்தான் போகும். திலகா வீட்டு வைஃபை போனால் அப்பா போய்விடுவார்.

அது எப்படி என்று சொன்னால்தான் விளங்கும். மலேசியாவில் லிங்கிக்கும் சுவாவுக்கும் நடுவில், எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்குள் ஒளிந்து கிடக்கிற தோட்டம் அது. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டின பழைய லயத்து வீடு. திலகா அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, கொஞ்ச நாள் சிரம்பான் பக்கம் பேக்டரியில் நின்று, பிறகு போர்ட்டிக்சனில் ஒரு கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்தவள். கல்யாணம் ஆகவில்லை. வந்த இரண்டு மாப்பிள்ளைகளும் அப்பாவைப் பார்த்ததும் டீயைக் குடித்துவிட்டுப் போனவர்கள். போனது நல்லதுதான், அதை விடுங்கள்.

அப்பா இராஜமாணிக்கத்துக்குப் பக்கவாதம். வலப்பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் பாக்கி. எவ்வளவு புரிகிறது என்று தெரியவில்லை, கொஞ்சம் புரியலாம், புரியாமலும் இருக்கலாம் என்று சிரம்பான் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். கிளினிக் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே செய்கிற வேலையைத் தேடிப் பிடித்தாள் திலகா. கோலாலம்பூரில் ஒரு மருத்துவக் காப்புறுதிக் கம்பெனி. ஆஸ்பத்திரிகளிலிருந்து அழைப்பு வரும். நோயாளியின் விவரத்தைத் திரையில் பார்த்து, செலவைக் கம்பெனி ஏற்கும் என்று கடிதம் அனுப்ப வேண்டும். நோயாளிகளின் ரகசியம் என்பதால் கம்பெனிக்கு ஆயிரம் சட்டம். வேலை செய்கிற அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது, கதவு சாத்தியிருக்க வேண்டும், கேமரா திறந்திருக்க வேண்டும், நாற்காலியை விட்டுச் சொல்லாமல் எழுந்திருக்கக்கூடாது.

வீட்டில் சிக்னல் கிடைப்பது ஒரே ஓர் இடத்தில்தான். பின்னறை ஜன்னலோரம். அதுதான் அப்பாவின் கட்டில் இருக்கிற இடம். அதனால் ரௌட்டரை அப்பாவின் தலைமாட்டில் வைத்து, முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்து வந்தாள். ஒரு மாதிரியாக வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ராயாவுக்கு, அதாவது நோன்புப் பெருநாளுக்கு, முந்தின வாரம் விழுந்தது ஓர் இடி. திலகா அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பிளக்கைப் பிடுங்க ஆள் இல்லை. சோப்புக் கையோடு ஓடி வந்து பார்த்தால் ரௌட்டர் கருகிய வாசனை அடிக்கிறது. அதற்கு முன்பே லைன் இரண்டு தடவை அறுந்து கம்பெனியில் அவள் பேர் கெட்டுப் போயிருந்தது. இது மூன்றாவது. மேலதிகாரி மாதவி கோலாலம்பூரிலிருந்து போன் போட்டாள். நல்ல பெண்தான், குரலிலேயே சங்கடம் தெரிந்தது.

"மிஸ் திலகா, நான் ஹெல்ப் பண்ணத்தான் பார்க்குறேன். ஆனா மேல கேக்குறாங்க. ராயா லீவு முடிஞ்சதும் நானே ஒரு லைன் டெஸ்ட் வெக்கிறேன். அதுல கட் ஆச்சுன்னா நீங்க ஆபீசுக்கே வந்துரணும். வேற வழி இல்ல லா."

ஆபீசுக்கு என்றால் விடியுமுன் கிளம்பி, சிரம்பானுக்குப் போய், ரயில் ஏறி, கோலாலம்பூர் போய், இருட்டின பிறகு திரும்ப வேண்டும். அத்தனை நேரம் அப்பாவைப் புரட்டிப் போடுவது யார்? ஜோகூரில் இருக்கும் தம்பி ஹேமநாதன் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னான். "கோவிக்காதக்கா. சிரம்பான்ல ஒரு ஹோம் இருக்காம். நல்லா பாத்துக்குவாங்களாம். நான் பாதி குடுக்குறேன்." ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அப்பா அருகில்தான் படுத்திருந்தார். திலகா வெடுக்கென்று போனைத் துண்டித்தாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. புரிந்திருக்காது என்று நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

புது ரௌட்டர் வாங்கலாமே என்பீர்கள். ராயா வாரத்தில் மலேசியாவில் எதை வாங்குவது? லைன் கொடுத்த கம்பெனியில் லீவு, பார்சல் கொண்டு வருகிறவனுக்கு லீவு, லுக்குட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சீனர்கூட ஷட்டரை இழுத்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் சுற்றப் போய்விட்டார். கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தாள். வெயிலடிக்கிற அந்த ஜன்னலோரத்தில் கைப்பேசி கொதித்துப்போய் தானாக அணைந்தது. மறுபடி போட்டாள். மறுபடி அணைந்தது.

மறுநாள் ஹேமநாதனே திரும்ப அழைத்தான். ஹோம் பேச்சை எடுக்காமல் வேறு ஒன்று கேட்டான். "அக்கா, நான் டீவில பழைய கேம் விளையாட ஒரு போர்டு வெச்சிருந்தேனே, ராஸ்பெர்ரி பை, அது இன்னும் இருக்கா?"

இருந்தது. பிஸ்கட் டின்னுக்குள், தீபாவளி விளக்குச் சரத்தோடு பின்னிக்கொண்டு கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பச்சைத் தகடு. இதுவா முழுக் கம்ப்யூட்டர் என்று அவளுக்கு நம்பிக்கையே இல்லை. "அதுல வைஃபை இருக்குக்கா. ஒங்கிட்ட முன்ன வாங்குன சிம் போடற யூ.எஸ்.பி. மோடம் இருக்குல்ல? அதுல சொருகு. மோடம் நெட்ட வாங்கும், போர்டு அத வைஃபையா வெளிய விடும். அவ்ளோதான்லா ரௌட்டரு."

அவ்வளவுதானாம். சொல்கிறவனுக்கு வாய் வலிக்கவா போகிறது! திலகா தன் பழைய லேப்டாப்பில் அந்த போர்டின் மெமரி கார்டைச் செருகி, தம்பி அனுப்பின சிஸ்டத்தை அதில் எழுதி, போர்டில் போட்டு, டீவியோடு இணைத்துத் திறந்தாள். வைஃபை முடக்கப்பட்டிருக்கிறது என்றது. எந்த நாட்டில் இருக்கிறோம் என்று சொல்லாமல் அது வாயைத் திறக்காதாம். "அலமாக், இதுக்குக்கூடவா ஐ.சி. கார்டு காட்டணும்?" என்று கடிந்துகொண்டே மலேசியா என்று போட்டாள். பிறகு திரையின் மூலையில் மஞ்சளாக ஒரு மின்னல் குறி வந்து நின்றது. அதைப் பார்த்ததும் தம்பிக்குப் போன் போட்டாள். மின்னல் என்றாலே அந்த வீட்டில் ஆகாது.

"கரண்டு பத்தலன்னு அர்த்தம்க்கா, பயப்படாத. போன் சார்ஜர் போட்டியா? பவர் பேங்கும் தாங்காது. அந்த டின்னுலயே பெரிய சார்ஜர் இருக்கும் பாரு, கறுப்பா, கனமா. அதப் போடு."

போட்டதும் மின்னல் குறி மறைந்தது. ஆனால் சார்ஜர் செங்கல் கணக்கில் கனத்தது. அப்பாவின் கட்டிலோரச் சுவரில் இருந்த சாக்கெட்டோ தேய்ந்து தொளதொளத்துப் போன கிழம். சார்ஜர் அதில் தொங்கிக்கொண்டு ஆடியது. அட்டையை மடித்து இடுக்கில் செருகி, டேப் ஒட்டினாள். மோடத்தை ஜன்னல் கம்பியில் கட்டினாள். தம்பி படித்துப் படித்துச் சொன்ன கட்டளைகளை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். வைஃபைக்கு ஒரு பேர் வைக்கச் சொன்னான். என்ன வைப்பது என்று யோசிக்கையில் அப்பாவின் முகம்தான் எதிரே இருந்தது. 'இடி' என்று வைத்தாள். ஹேமநாதன் போனில் வயிறு குலுங்கச் சிரித்தான்.

சிரிக்கக் காரணம் உண்டு. இராஜமாணிக்கத்துக்குத் தோட்டத்தில் இடி மாணிக்கம் என்று பேர். லயத்துக்குப் பொதுவான ஜெனரேட்டர் ஓடின காலத்தில் அதைப் பார்த்துக்கொண்டவர் அவர். அப்போது அவரோடு வேலை செய்த ஓர் ஆள், இடி மழையில் ரேடியோவைத் திருகப் போய்க் கை வைத்த இடத்திலேயே கருகி விழுந்தான். அதை மாணிக்கம் கண்ணால் பார்த்தார். அன்றையிலிருந்து வானம் உறுமினால் சைக்கிளை எடுத்துவிடுவார். வீடு வீடாக, "பிளக்கப் புடுங்கு! பிளக்கப் புடுங்கு!" என்று கத்திக்கொண்டு போவார். புடுங்காத வீட்டுக்குள் கேட்காமலே நுழைந்து தானே புடுங்குவார். யார் வீட்டிலாவது கல்யாண வீடியோ ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, பட்டென்று அணைந்துவிடும். திட்டுவார்கள். அவர் காதில் வாங்கமாட்டார். அந்த லயத்தில் மின்னலுக்கு ஒரு டீவிகூடப் போனதில்லை என்று தாயம்மா இன்றைக்கும் சொல்வாள்.

வைஃபை வந்தது. கைப்பேசியில் 'இடி' என்ற பேர் தெரிந்தபோது திலகா கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். முன்னறைக்கு ஓடி லேப்டாப்பில் பார்த்தாள், அங்கேயும் நன்றாக எடுத்தது. சந்தோஷத்தில் டீ போடப் போனாள். டீயில் பால் ஊற்றிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் ஓர் உறுமல். திலகா நின்றாள். பின்னறையில் கட்டில் கம்பி 'டங்' என்றது. அப்பா இடது கையால் கம்பியைப் பிடித்துத் தன்னை இழுக்கிற சத்தம் அது. ஓடிப்போய்ப் பார்த்தால் சார்ஜர் அவர் கையில் இருந்தது.

மறுபடி செருகினாள். போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது, பச்சை விளக்கு சிமிட்டவில்லை. முறையாக நிறுத்தாமல் பிடுங்கினதில் கார்டு கெட்டுப்போயிற்று. அத்தனை நேரத்துப் பாடும் போயிற்று. இத்தனை நாள் நெஞ்சில் கட்டி வைத்திருந்த பயமெல்லாம் கோபமாக வெளியே வந்தது.

"எதுக்குப்பா புடுங்குனீங்க? எல்லாம் போச்சு! ஒங்களுக்காகத்தான நான் நாய் மாதிரி கெடந்து அடிச்சிக்கிறேன்? இருக்கிற அந்த ஒத்தக் கையும் வெளங்காமப் போயிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்!"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பா சார்ஜர் பிடித்திருந்த கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று மாலை கஞ்சி ஊட்டினபோது வாயைத் திறந்தார், ஆனால் அவளைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று திலகாவுக்கு இருந்தது. புரியாதவரிடம் என்ன கேட்பது என்று சாக்குச் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் முழுக்க முதலிலிருந்து செய்தாள். இந்த முறை தம்பி சொன்னபடி கார்டுக்கு ஒரு நகலும் எடுத்து வைத்தாள். ஆனால் டெஸ்ட் நடக்கும்போது அப்பா பிளக்கைப் பிடுங்கினால் நகல் எதற்கு உதவும்? வேறு சாக்கெட்டிலிருந்து வயர் இழுக்கலாம் என்றால் அந்த அறைக்கே இருப்பது அது ஒன்றுதான். சமையலறையிலிருந்து இழுத்துப் பார்த்தாள், வீட்டிலிருந்த ஒரே நீட்டு வயரும் பழசு, செருகினதும் பிரேக்கர் விழுந்தது. கட்டிலை நகர்த்தலாம் என்றால் இரும்புக் கட்டில், அப்பாவோடு சேர்த்து அவளால் அசைக்க முடியவில்லை. கடைசியில் தாயம்மாவைக் கெஞ்சினாள். டெஸ்ட் முடிகிறவரை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"அதுக்கென்ன, ஒக்காந்துட்டாப் போச்சு" என்றாள் தாயம்மா.

லீவு முடிந்த அன்று காலையில் டெஸ்ட் என்றிருந்தது. மாதவிக்கு வேறு மீட்டிங் வந்து மத்தியானத்துக்குத் தள்ளிப் போட்டாள். சித்திரை மாதத்து மத்தியானம் என்றால் அந்தப் பக்கத்தில் இடி வராத நாளே கிடையாது. திலகா ஜன்னலுக்கும் கடிகாரத்துக்குமாக நடந்தாள். லிங்கி பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. தாயம்மாவோ, பக்கத்து மலாய்க் கிராமமான கம்போங்கில் தோழி வீட்டு ராயா விருந்துக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று போனவள் வரவில்லை. போன் போட்டால், "இங்க சரியான மழைலா, திலகா! மோட்டார் சைக்கிள்ல எப்படி வர்றது? கொஞ்சம் விடட்டும்!" என்றாள். ரெண்டாங் இறைச்சியும் குழம்புமாகச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. திட்டவும் நேரமில்லை.

திலகா பின்னறைக்குப் போனாள். கொடியில் தொங்கின துண்டை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் அப்பா டியூபைப் பிடுங்குகிறார் என்று அந்தக் கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அன்று அவள் அந்தத் தாதியோடு சண்டைக்குப் போனாள். இப்போது அதே மாதிரி ஒரு துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அரை மணி நேரம்தான், வலிக்காமல் கட்டலாம் என்று மனசு சொன்னது. அப்பா துண்டைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கத்தின நாளுக்குப் பிறகு முதல் தடவையாகப் பார்த்தார்.

அவளால் முடியவில்லை. அதற்காகத்தான் எடுத்த மாதிரி துண்டால் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். "அப்பா, இப்ப டெஸ்ட். மிஸ் மாதவி பாப்பாங்க. லைன் போச்சுன்னா என்னைய ஆபீசுக்குக் கூப்புட்டுருவாங்க. ஒங்களப் பாத்துக்க முடியாதுப்பா. இடி இடிச்சாலும் அத மட்டும் புடுங்காதீங்க. கெஞ்சிக் கேக்குறேன்" என்றாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அது சரி என்பதா, போ என்பதா, ஒன்றும் புரியவில்லை என்பதா, யாருக்குத் தெரியும்.

முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். திரையில் மாதவி வந்தாள். அறையைக் கேமராவால் சுற்றிக் காட்டச் சொன்னாள். காட்டினாள். பிறகு ஆஸ்பத்திரிக் கவுண்டராக நடித்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். திலகா பதில் சொல்லிக்கொண்டே போனாள். வாய் இங்கே இருந்தது, காது முழுக்க அங்கே இருந்தது. நடுச்சுவர் பலகைச் சுவர், மேலே கூரை வரை எட்டாது. அந்தப் பக்கம் ஓர் இருமல் என்றாலும் இந்தப் பக்கம் கேட்கும்.

முதல் இடி தூரத்தில் உருண்டது. அப்பா பக்கம் சத்தமில்லை. "பேஷண்ட் அட்மிஷன் எப்ப?" என்றாள் மாதவி. திலகா தேதியைச் சொன்னாள். இரண்டாவது இடி தகரக் கூரையை அதிர வைத்தது. மழை கொட்ட ஆரம்பித்தது. மழைச் சத்தத்துக்கு நடுவில் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது, 'டங்'.

கட்டில் கம்பி. கையை நீட்டுகிறார். எழுந்து ஓடினால் அத்தோடு டெஸ்ட் போயிற்று. கத்தினால் மாதவிக்குக் கேட்கும். சார்ஜர் சாக்கெட்டில் கடகடவென்று ஆடுகிற சத்தம் கேட்டது. இதோ போகப்போகிறது, இதோ, இதோ என்று திரையின் மூலையைப் பார்த்தாள். மாரியாத்தா, அப்பா, யாராவது என்று மனசுக்குள் அலறினாள். மாதவியின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றது.

முடிந்தது என்று நினைத்தாள். சிரம்பான் ஹோமில் வரிசையாகப் போட்ட கட்டில்களில் ஒன்றில் அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது கண்ணுக்கு முன்னால் வந்தது.

"...ஹலோ? கேக்குதா?" மாதவியின் முகம் அசைந்தது. "மழையா அங்க? கொஞ்சம் ஸ்டக் ஆச்சு, ஆனா கட் ஆகல. கண்டினியூ பண்ணுவோமா?"

திலகா கண்டினியூ பண்ணினாள். என்ன பேசினாள் என்று பிற்பாடு கேட்டால் அவளுக்கே தெரியாது. இடி மேலே மேலே விழுந்தது. ஒவ்வொரு இடிக்கும் அந்தப் பக்கம் சாக்கெட் கடகடவென்றது. ஆனால் லைன் அறுந்துபோகவில்லை. கடைசியில் மாதவி சிரித்தாள். "ஓக்கே மிஸ் திலகா, நான் பாஸ்னு போட்டுர்றேன். நீங்க வீட்டுலயே வேல பாருங்க. அப்பாவக் கேட்டதா சொல்லுங்க." திரை மூடியது.

திலகா நாற்காலி கவிழக் கவிழ எழுந்து பின்னறைக் கதவைத் தள்ளினாள்.

அப்பா கட்டிலின் விளிம்பு வரை சரிந்து வந்திருந்தார். பாதி உடம்பு அந்தரத்தில் இருந்தது. கன்னம் கம்பியில் அழுந்தியிருந்தது. ஒட்டின டேப் பிய்ந்து சுவரில் தொங்கியது, அட்டை கீழே கிடந்தது. ஜன்னலில் மின்னல் வெட்டியது. அவர் உடம்பு தூக்கிப் போட்டது, கண்கள் இறுக மூடிக்கொண்டன. ஆனால் இடது கை சார்ஜரை உள்ளங்கையால் சாக்கெட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது. அந்த நடுக்கத்தில்தான் சாக்கெட் கடகடத்துக்கொண்டிருந்தது.

"அப்பா! விடுங்க! விடுங்கப்பா, இடி இடிக்குது!" ஓடிப்போய் அவரைத் தாங்கிப் பிடித்தாள். அவர் விடவில்லை. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பார்வை முன்னறைப் பக்கம் போய், திரும்ப அவளிடம் வந்தது.

"முடிஞ்சிருச்சிப்பா" என்றாள். "லைன் போகல. நான் எங்கயும் போகல. நீங்களும் எங்கயும் போகல."

அப்பா விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கையை எடுத்ததும் சார்ஜர் தன் கனத்திலேயே சரிந்து கட்டிலில் விழுந்தது. போர்டில் இருந்த விளக்குகள் இரண்டும் அணைந்தன. திலகா அதை எடுக்கவில்லை. அந்தக் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, "நான் அன்னைக்குச் சொன்னத மறந்துருங்கப்பா" என்று அழுதாள்.